ஒரு ராத்திரிக் காம்பரா

"சொந்தக்காரங்க யாரும் இந்தப் பக்கம் இல்லீங்களா?" என்று அந்த அக்கா கேட்டார். "இல்லக்கா" என்றேன். 2025 தை மாதம். பேசும்போதே வாயிலிருந்து ஆவி வரும் ஹட்டன் குளிர். தங்க வருகிறவர்கள் விவரம் எழுதும் நீளக் கொப்பி என் முன்னால் விரிந்து கிடந்தது. பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம் எல்லாம் எழுதி முடித்துக் கையெழுத்துப் போடுகிற நேரத்தில், பேச்சுக்குக் கேட்கிற மாதிரிக் கேட்ட கேள்வி அது. பெரிய பதிலொன்றை அவர் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. ஆனால் நான் சொன்னது பொய். மஸ்கெலியாப் பாதையில் பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தால் சித்தப்பாவின் லயம். போயிருந்தால் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் அடுப்படியில் பாய் போட்டிருப்பார். சித்தி இருட்டோடு எழும்பி எனக்கென்று தனியாகத் தண்ணீர் சுட வைத்திருப்பார். அது எதுவும் வேண்டாமென்றுதான் காசு கொடுத்து அறை எடுத்தேன். தேயிலை மலையில் அட்டை கடிக்கும்போது கடித்தது தெரியாது. இரத்தம் காய்ந்த பிறகுதான் நாட்கணக்கில் அரிக்கும். அந்த "இல்லக்கா" அப்படித்தான் அரித்துக்கொண்டிருக்கிறது.

இலங்கையில் 'ஹோட்டல்' என்று பலகை இருந்தால் அது பெரும்பாலும் சோறும் கொத்து ரொட்டியும் விற்கிற கடை. படுக்க இடம் தேடுகிறவன் லொட்ஜ், ரெஸ்ட், கெஸ்ட்ஹவுஸ் என்ற பலகைகளைப் பார்த்துப் போக வேண்டும். நான் தங்கிய வீட்டுக்கு இவற்றில் எந்தப் பட்டமும் இல்லை. கேட்டில் கட்டியிருந்த தகரத்தில் 'ரூம்' என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது, அவ்வளவுதான். நகரத்திலிருந்து மேலேறும் ஒரு படிக்கட்டுப் பாதையில், கையில் காசு சேர்ந்தபோதெல்லாம் பக்கவாட்டில் ஒவ்வோர் அறையாக வளர்ந்த வீடு அது. வளர்ந்த வரலாறு சுவரிலேயே தெரியும்: ஓர் அறைக்குச் செங்கல், அடுத்ததற்குச் சீமெந்துக் கல், கடைசி அறைக்குப் பலகை. அக்காவின் கணவர் முன்பு மரக்கறி லொறியில் கொழும்புக்கு ஓடியவர், இப்போது ஓட்டோ வைத்திருக்கிறார். உந்துவப் போயாவிலிருந்து வெசாக் போயா வரை சிவனொளிபாத மலைப் பருவம். அந்த மாதங்களில் கோச்சியில் வந்திறங்கும் யாத்திரைக்காரர்கள் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் பஸ் பிடிக்கும் முன்பு சில மணி நேரம் முதுகைச் சாய்க்க இடம் கேட்டு வருவார்கள். உச்சியில் சூரியன் எழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் நடுச்சாமத்தில் மலையேற வேண்டும். அதனால் அந்த வீட்டில் இரவு என்பது தூங்குகிற நேரம் இல்லை; கதவுகள் திறந்து மூடுகிற நேரம். கம்பளித் தொப்பியும் இருமலும், சுக்கு வாசமும், ஈரச் சப்பாத்துக்குள் திணித்த பழைய பத்திரிகைத் தாளும்.

அறைக்கு நாலாயிரம் என்றார். நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன், மூன்று பேர். தோட்டத்தில் பிறந்தவனுக்குத்தான் இந்தக் கணக்குப் புரியும். அங்கே 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. நிறுவையில் கேட்ட அளவு கொழுந்து இருந்தால் பேர், குறைந்தால் அரைப்பேர். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று அம்மா பக்கத்துக் காம்பராக்காரியிடம் கேட்டால், அவர்கள் மனிதர்களை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்கூலி 1350 ரூபாய் என்று வந்தது. ஆயிரம் ரூபாய்க்காக ஆண்டுக்கணக்கில் நடந்த இழுபறி 2021இல்தான் ஒருமாதிரி முடிந்திருந்தது. ஆகவே நான் படுத்த ஒரு ராத்திரிக்கு, சித்தியின் கையால் அளந்தால், மூன்று நாள் மலை. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதுபோல, ஓர் இரவின் தனிமைக்கும் ஒரு நிறுவைக் கணக்கு இருக்கிறது. கொழும்பில் இதைவிடக் கூடுதலாகக் கொடுத்து எத்தனையோ அறைகளில் தங்கியிருக்கிறேன், அங்கெல்லாம் ரூபாய் ரூபாயாகவே இருந்தது. ஹட்டனில் இறங்கியதும் அது பேராக மாறிவிடுகிறது. கொப்பியில் ஒரு பேர் எழுதினேன், மூன்று பேரை எண்ணி வைத்தேன்.

அக்கா அறையைக் காட்டும்போது "இதுதாங்க காம்பரா" என்றார். நகரத்தில் வீடு கட்டி இருபது வருடமாகியும் 'ரூம்' அவர் வாயில் வரவில்லை, தகரத்தில் மட்டும்தான் இருந்தது. காம்பரா என்ற அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு எவ்வளவோ நாளாகியிருந்தது. நாங்கள் வாழ்ந்த இடத்தின் பெயர்களை ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். லயம் ஆங்கிலேயரின் லைன். வாசலுக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள இஸ்தோப்பு ஒல்லாந்தர் விட்டுப்போனது. காம்பரா போர்த்துக்கீசருடையது. இந்தத் தீவை மூன்று பேர் ஆண்டார்கள், மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். வீடு மட்டும் எங்களுடையதாகவில்லை. இத்தாலியில் வயோதிபர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் வென்னப்புவ நண்பன் ஒருவன், அங்கே சிறு நகரங்களில் குடும்பத்தார் நடத்தும் தங்குமிடங்களின் வாசலில் 'கமெரே' என்று எழுதியிருக்கும், அறைகள் உண்டு என்று அர்த்தம் என்றான். அந்தக் கமெரேயும் நம் காம்பராவும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். அங்கே அது வழிப்போக்கனுக்கு வாடகைக்கு விடுகிற அறை. இங்கே பத்தடிக்குப் பன்னிரண்டடியில் மூன்று தலைமுறை பிறந்து, சமைத்து, பரீட்சைக்குப் படித்து, பாடையேறிய இடம். ஒரு சொல் ஒரு கரையில் ஒரு ராத்திரிக்கும் மறு கரையில் ஓர் ஆயுளுக்கும் பயன்படுகிறது. இரண்டிலும் சொந்தக்காரர் வேறொருவர் என்பதுதான் ஒற்றுமை.

கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறைக்குள் போய்ப் பத்து நிமிடம் இருக்காது, கதவு தட்டப்பட்டது. "தேத்தண்ணி கொண்டு வரலாங்களா?" என்று வெளியிலிருந்தே அக்கா கேட்டார். நான் 'வாங்க' என்று சொல்லும் வரையில் கதவு அசையவில்லை. அந்தச் சில விநாடி அமைதி எனக்குப் புதிது போலிருந்தது. லயத்தில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். உறவுக்காரர் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்துவிடுவார். அதிகாரம் உள்ளவர் கூப்பிடாமலே வருவார். விடியற்காலைப் பெரட்டுக்கு ஆள் சேர்க்கும் சத்தம் ஒரு கதவுக்கென்று வராது, வரிசை முழுவதற்கும் வரும். பழைய லயங்களில் இடைச்சுவர் கூரைவரை போவதில்லை. அடுத்த வீட்டுத் தாலாட்டில் நாங்கள் தூங்கியிருக்கிறோம், அடுத்த வீட்டுச் சண்டையில் எங்கள் அப்பா சமாதானம் பேசியிருக்கிறார், படுத்த இடத்திலிருந்தே. லயத்துக்கு இலக்கம் உண்டு, காம்பராவுக்கு விலாசம் கிடையாது; கடிதங்கள் தோட்டத்து ஒப்பீசுக்கு வரும், அங்கிருந்து எப்போதாவது நம்மிடம் வரும். வேலை இருக்கும்வரை காம்பரா என்பது எழுதாச் சட்டம். அப்பா போனார், என் சொந்த அக்காவைப் பண்டாரவளையில் கட்டிக்கொடுத்தோம், நான் கொழும்பில் நின்றுவிட்டேன், பேர் போட எங்கள் வீட்டில் ஆளில்லை. காம்பராவை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். அதை அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் ஏழு ஆட்கள். சித்தப்பா இன்னும் 7 பேர்ச் காணியும் தனி வீடும் வருமென்று காத்திருக்கிறார். நானோ நாலாயிரம் ரூபாய்க்கு, தட்டினால்தான் திறக்கும் கதவொன்றை மறுநாள் பத்து மணிவரை வாங்கிவிட்டேன்.

தேத்தண்ணி வந்த விதம்தான் என்னைக் கூடுதலாகக் கலைத்தது. நான் எதிர்பார்த்தது கோப்பையில் சாயத்தண்ணியும் உள்ளங்கையில் வைத்துக் கடிக்கச் சீனியும். வந்தது தட்டு. வெள்ளைத் துணி விரித்த தட்டில் பீங்கான் கேத்தில், அதற்குக் கம்பளி நூலில் பின்னிய சட்டை, தனியாக ஒரு சின்னக் குவளையில் சூடான பால், தனியாகச் சீனி, கரண்டியின் பிடி என் வலது கைப் பக்கம் பார்க்க. இந்தத் தட்டை நான் முன்பு பார்த்திருக்கிறேன். சிறுவயதில், பெரிய துரை பங்களாவின் குசினி வாசலில், பங்களா வேலைக்காரரான அப்பு இப்படித்தான் அடுக்கிக்கொண்டிருப்பார். யாரிடம் பழகினீர்கள் என்று கேட்டேன். மாமனார் பங்களாவில் அப்புவாக இருந்தவராம். கட்டி வந்த புதிதில் இந்த ஒரு வேலையைத்தான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாராம். மலைநாட்டில் விருந்தோம்பல் ஒரு தொழிலாக எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நேரான விடை கிடைக்காது. நுவரெலியாவில் 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் இராச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு உட்காரும் வழக்கம் நூறாண்டுக்கு மேல் ஓடியது. கந்தப்பளையில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையை 1996இல் ஹோட்டலாக்கினார்கள். பொகவந்தலாவை, நோர்வூட் பக்கத்துத் துரை பங்களாக்கள் சில 2005 முதல் உல்லாச விடுதிகளாகிவிட்டன. அங்கே ஒரு ராத்திரிக்கு ஆகும் காசு கொழுந்து பறிக்கிறவரின் ஒரு மாதப் பேரையும் தாண்டும். ஆனால் அந்தத் தட்டை அடுக்கிய கைகள் லயத்திலிருந்து போனவை. தட்டு பங்களாவிலிருந்து கீழே இறங்கி இந்தப் படிக்கட்டு வீட்டுக்கு வந்து சேர ஒரு தலைமுறை பிடித்திருக்கிறது. அக்கா அதை என் முன்னால் வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். துரைக்கு முன்னால் நகர்கிற அதே ஓரடி. எனக்கு உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை. எழும்பினால் அவர் தொழிலை நான் அவமதிக்கிறேன். உட்கார்ந்தே இருந்தால் யாருடைய கதிரையில் இருக்கிறேன்?

நடுச்சாமத்துக்குப் பிறகு யாத்திரைக்காரர் கூட்டமொன்று படியிறங்கிப் போன சத்தத்தில் விழிப்பு வந்தது. அறையில் ஜக்கு வெறுமை. தண்ணீர் தேடி முன்னறைப் பக்கம் போனேன். சுவாமிப் படத்துச் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் தரையில் நான்கு ஆட்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அக்கா, கணவர், பத்தனைக் கல்வியியற் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகள், பள்ளிக்கூடம் போகும் அவள் தம்பி. நான்கு பேருக்கும் இரண்டு போர்வை. என் அறையில் எனக்கு மட்டும் இரண்டு. திரும்பி வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் அறை பேசத் தொடங்கியது. கதவின் பின்பக்கத்தில் பசையால் ஒட்டிய சாதாரண தரப் பரீட்சை நேரசூசி. நிலையில் பென்சிலால் கோடு கோடாக, யாரோ இருவர் வளர்ந்த உயரம். அலுமாரியின் ஒரு கதவு பூட்டியிருந்தது, இடுக்கில் சேலை நுனி. எல்லா அறையும் நிறைந்த நாளில் தங்கள் காம்பராவையே எனக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் தரைக்குப் போயிருக்கிறார்கள். சித்தப்பாவின் கட்டிலை அவரிடமிருந்து பிடுங்க வேண்டாமென்று நினைத்து வந்தவன், முகம் தெரியாத வேறொரு குடும்பத்தின் கட்டிலில் கிடந்தேன். வித்தியாசம் ஒன்றுதான்: இங்கே நான் காசு கொடுத்திருந்தேன், அதனால் நன்றியோடு இருக்கத் தேவையில்லை. காசு அவ்வளவு வேலை செய்கிறது என்று அன்றைக்கு முன்பு எனக்குத் தெரியாது. மூன்று பேர் கொடுத்து நான் வாங்கியது கட்டிலையோ சுடுதண்ணியையோ அல்ல, ஓர் இரவுக்கு யாருக்கும் உறவாக இல்லாதிருக்கும் வசதியை.

விருந்து என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் புதுமை என்று பொருள். புதிதாக வந்தவர் விருந்து. அப்படியானால் நான் அங்கே யார்? பிறந்து வளர்ந்த மண்ணில் கொப்பியில் கையெழுத்திட்டு வந்து படுப்பவன் புதியவனா பழையவனா? விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று ஒரு பழமொழி இருக்கிறது. எங்கள் ஆட்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்தப் பழமொழியில் ஒரு குரூரம் தெரிகிறது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் காட்டு வழியே நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து, 1948இல், பிரஜாவுரிமை இல்லையென்று சட்டம் போட்டு, உங்கள் மூன்று நாள் முடிந்தது என்றார்கள். 1964 ஒக்டோபரில் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் அந்தப் பக்கம், மூன்று லட்சம் பேர் இந்தப் பக்கம், மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். இந்த இடத்தில் 'பேர்' என்று எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது. நிறுவையில் கொழுந்தைப் பிரிக்கிற கணக்கு போலவே இருக்கிறது. பெரியப்பா குடும்பம் அந்தக் கணக்கில் போனது. கூடலூர்ப் பக்கம் தேயிலை மலையிலேயே அவர்களுக்கு வேலையும் கிடைத்தது. அங்கே இன்றும் அவர்கள் பிள்ளைகளை 'சிலோன்காரங்க' என்கிறார்கள். இங்கே இருந்தபோது 'இந்தியாக்காரர்'. இரண்டு கரையிலும் விருந்தாளிகள். இரண்டு கரையிலும் மூன்று நாள் முடிந்துபோன விருந்தாளிகள். விட்டுப்போன கடைசி ஆட்களுக்கும் பிரஜாவுரிமை என்று சட்டம் வந்தது 2003இல். அக்கா தன் கேட்டில் தகரம் கட்டியதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, நான்தான் முடிச்சுப் போடுகிறேன். ஆனால் வந்தவரை 'வாங்க' என்று கூப்பிட வேண்டுமென்றால் முதலில் நிற்பதற்குச் சொந்தமாக ஒரு வாசல் வேண்டும்.

காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும். பிறகு கணக்கு. கொப்பியிலிருந்து கிழித்த தாளில் அக்காவின் மகள் சுத்தமான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: அறை, இராச் சாப்பாடு, காலைச் சாப்பாடு, தேத்தண்ணி இரண்டு. தேத்தண்ணிக்குக்கூட விலை. ஒரு ரூபாய் குறைக்கவில்லை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது: எனக்கு மனம் சுருங்கியது. முதல் நாள் இரவு தட்டை வைத்துவிட்டு அவர் "எந்தத் தோட்டம்?" என்று கேட்டிருந்தார். மலைநாட்டான் மலைநாட்டானைக் கேட்கும் முதல் கேள்வி அது. என் தமிழைக் கேட்ட பிறகு என் கொழும்பு விலாசம் அவரிடம் எடுபடவில்லை. நான் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன், அவர் அதற்கு அடுத்த தோட்டத்தில் பிறந்தவர் என்றார், இரண்டு பேரும் ஒரே கோயில் திருவிழாவில் காமன் கூத்துப் பார்த்திருக்கிறோம். இவ்வளவும் பேசிய பிறகு, 'நம்ம ஆளுதானே, தேத்தண்ணிக்கெல்லாம் எதுக்குங்க' என்று ஒரு வார்த்தை வருமென்று உள்ளுக்குள் எங்கேயோ காத்திருந்திருக்கிறேன். உறவு வேண்டாமென்று காசு கொடுத்து வாங்கினவனுக்கு, கணக்குப் பார்க்கிற நேரத்தில் உறவு தேவைப்பட்டது. இரண்டையும் கையில் வைத்திருக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. அறை அறை, தேத்தண்ணி தேத்தண்ணி. அப்பு வாழ்நாளெல்லாம் அடுக்கிய தட்டுகளுக்கு யாரும் தனியாக விலை எழுதியதில்லை. மருமகள் எழுதினார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன், இப்போதும் மேசை இலாச்சிக்குள் இருக்கிறது. சில நாள் அது எனக்குக் கண்டிப்பான ஒரு பில்லாகத் தெரிகிறது, சில நாள் ஒரு பிரகடனமாக. ஒருவேளை அது வெறும் பில்தான். நாலு பேர் தரையில் படுத்த இரவின் விலை.

நான் பொய் சொன்னது அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதுதான் விடாமல் கிடக்கிற கேள்வி. தோட்டத்தின் பெயர் தெரிந்த பிறகு மிச்சத்தைக் கண்டுபிடிக்க மலைநாட்டில் ஒரு தொலைபேசி அழைப்புக்கூட வேண்டாம். இன்னாருடைய அண்ணன் மகன் என்று அவருக்கு விளங்கியிருக்கலாம். விளங்கியும் கேட்காமல் விட்டிருக்கலாம். வந்தவரின் பொய்க்கும் சேர்த்துத்தான் அறை வாடகை என்று அவர் தொழில் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது கேட்வரை வந்தார். 1884இல் கோச்சி வந்த ஊர் இது. கீழே ஸ்டேஷன் கூரை தெரிந்தது, மூடுபனியில் பாதி. அந்த மேடையிலிருந்துதான் பெரியப்பா குடும்பம் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறியது. வண்டி நகரும்போது பெரியப்பா யன்னலால் தலையை நீட்டி "போயிட்டு வாறோம்" என்று கத்தினாராம், அப்பா சொல்லுவார். வரமாட்டார்கள் என்று மேடையில் நின்ற எல்லோருக்கும் தெரியும், கத்தினவருக்கும் தெரியும். ஆனாலும் 'போறோம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக நம் மொழியில் ஆகாது. அக்கா "போயிட்டு வாங்க" என்றார். சொந்தக்காரரை அனுப்பும்போதும் அதுதான், காசு கொடுத்துத் தங்கினவரை அனுப்பும்போதும் அதுதான். எதைச் சொன்னார் என்று குரலில் தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை. "வாறேங்கக்கா" என்றேன். அதுவும் பொய்யா என்று இன்னும் தெரியவில்லை.